தோண்டும் முன்பே குளத்தை வரைந்துவிடுங்கள்: சிலாங்கூர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிலாங்கூர் மாநில நில, கனிமவள இலாகாவினருக்கும், லுவாஸ் எனப்படும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்தினருக்கும், இம்மாநிலத்தில் கல்லும் மணலும் எடுக்க அனுமதி வைத்திருக்கும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். கல், மணல், சரளை எடுக்க நீங்கள் கையெழுத்துப் போடும் ஒவ்வோர் அனுமதியோடும், வேலை முடிந்தபின் அந்தக் குழி என்னவாகப் போகிறது என்ற வரைபடம் முதல் நாளே இருக்க வேண்டும். தண்ணீர் தேக்கத் தோதான இடம் என்றால், அதை நீர்த்தேக்கமாக வரைந்து, அளவு குறித்து, கரை எங்கே, ஆழம் எவ்வளவு, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகும் என்று முடிவு செய்த பிறகுதான் முதல் வாளி மண்ணை அள்ள வேண்டும். தோண்டி முடித்து, பத்து இருபது வருஷம் கழித்து, "இந்தக் குட்டையை என்ன செய்யலாம்?" என்று யோசிப்பது இனி வேண்டாம்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் குடியிருப்பவன். ரவாங் பக்கம் ஒரு கருங்கல் குவாரியில் பல வருஷம் வேலை பார்த்தேன். எடை மேடையில் லோரிக்குச் சீட்டு எழுதுவதில் ஆரம்பித்து, கடைசி வருஷங்களில் குழியின் பம்புகளைப் பார்த்துக்கொண்டேன். சிலாங்கூரில் சேராத கூட்டரசுப் பிரதேசத்துக்காரன் ஏன் மாநில இலாகாவுக்கு எழுதுகிறான் என்று கேட்கலாம். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது உங்கள் ஆற்றுத் தண்ணீர். இந்த ஊரின் கட்டடங்களில் இருக்கும் கல்லும் உங்கள் மலையில் இருந்து வந்ததுதான். ஓட்டுப் போடும் இடம் வேறாக இருக்கலாம். தண்ணீர் நின்றால் காய்வது எங்கள் தொண்டையும்தான்.

குவாரிக்குள் இறங்கிப் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தரை மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்ட எந்தக் குழியிலும் தாழ்ந்த மூலையில் ஒரு சம்ப் இருக்கும். மழை பெய்தால் குழி முழுவதிலும் விழும் தண்ணீர் அங்கேதான் ஓடி வந்து நிற்கும். மழையே இல்லாத நாளிலும் பாறை வெடிப்புகளில் இருந்து கசிவு வந்துகொண்டே இருக்கும். காலையில் லோரிகள் இறங்குவதற்கு முன்னால் டீசல் பம்பை ஓட விடுவோம். உறிஞ்சும் குழாயின் நுனியில் மாட்டியிருக்கும் கம்பிக் கூடையில் கல்தூளும் சேறும் அப்பிக்கொள்ளும். அதைக் கழற்றி, அலசி, மறுபடி மாட்டினால்தான் பம்ப் இழுக்கும். முதலில் பழுப்பாக வரும் தண்ணீர் போகப்போகத் தெளியும். நாலைந்து நாள் மழை இல்லாவிட்டால் சம்பின் அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தெளிந்து நிற்கும். அந்தத் தண்ணீர் வண்டல் தொட்டிகளைக் கடந்து ஓடைக்குப் போகும். கொஞ்சம் தண்ணீர் லோரியில் ஏறி, பாதையில் தூசி அடங்கத் தெளிக்கப்படும். குவாரி நடக்கும் வரைக்கும் இந்தப் பம்ப் நிற்காது. நின்றால் குழி நிறைந்துவிடும்.

அந்தக் கசிவுத் தண்ணீர் ஊருக்குப் போதும் என்று சொல்ல வரவில்லை. போதாது. நான் சொல்ல வருவது குழியைப் பற்றி. தண்ணீர் தானாக வந்து நிற்கும் ஒரு பெரிய பள்ளத்தை, யாரோ ஒருவருடைய டீசலிலும் வெடிமருந்திலும், ஊருக்குச் செலவில்லாமல் தோண்டி வைக்கிறோம். அதன் பிறகு பம்பைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறோம்.

2014 நினைவிருக்கும். பிப்ரவரி இறுதியில் ஆரம்பித்த தண்ணீர்ப் பங்கீடு மே மாதம் வரைக்கும் போனது. இரண்டு நாள் தண்ணீர் வரும், இரண்டு நாள் வராது. எங்கள் அடுக்குமாடியில் வயதானவர்கள் வாளியைப் படியில் ஒவ்வொரு தட்டாக வைத்து வைத்து ஏறினார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் குளியலறைத் தொட்டி, சோற்றுப் பானை, ஐஸ் பெட்டியில் வைக்கும் போத்தல் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார்கள். அப்புறம் 2020 செப்டம்பர். அப்போது வறட்சியே இல்லை. ரவாங் அருகே சுங்கை கோங் என்ற ஆற்றில் யாரோ கலந்த கழிவின் வாடை சிலாங்கூர் ஆற்றுக்குள் வந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கோலாலம்பூர் உட்பட 1,292 இடங்களில், ஏறக்குறைய 12 லட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றுபோயிற்று. ஆறு நிறையத் தண்ணீர் ஓடியது, குடிக்கத்தான் ஆகவில்லை.

இந்த இரண்டாவது சம்பவம்தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. அணை என்பது மலையில் இருக்கிறது. அங்கே திறந்துவிடும் தண்ணீர் ஆற்றின் வழியாகத்தான் கீழே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். நடுவில் ஆறு கெட்டுவிட்டால் அணை நிறைந்திருந்தும் ஊருக்கு உதவாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில், ஆற்றைத் தொடாமல், இரண்டு மூன்று நாளுக்கான தண்ணீர் தேங்கி நின்றால், ஆற்று மதகை மூடிவிட்டுத் தேங்கிய தண்ணீரை எடுத்து ஓட்டலாம். வாடை போனபின் மறுபடி ஆற்றைத் திறக்கலாம். அப்படித் தேக்க இடம் வேண்டும். ஆற்றோரச் சமவெளியில் புதிதாக ஏரி வெட்டக் கோடிக்கணக்கில் செலவாகும். ஆனால் அதே சமவெளியில்தான் மணலும் சரளையும் எடுக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 1 ஹெக்டர் பரப்பும், பயன்படுத்தக்கூடிய ஆழம் 10 மீட்டரும் உள்ள குழி 1 லட்சம் கன மீட்டர் பிடிக்கும். அதாவது 10 கோடி லிட்டர். இந்த நாட்டில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார் என்கிறார்கள். 200 என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு ஹெக்டர் குழி 5 லட்சம் பேருக்கு ஒரு நாள் தண்ணீர். 20 ஹெக்டர் குவாரி என்பது நம் பக்கத்தில் அதிசயம் இல்லை. சரிவு, கரை, அடியில் விட வேண்டிய சேறு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் மிச்சம் பெரிய இருப்பு.

இது புதிய யோசனை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் ஈய லம்பக் குட்டைகள்தான், அதாவது வெள்ளீயச் சுரங்கம் தோண்டிய பள்ளங்கள். 1857இல் அம்பாங்கில் ஈயம் தேடி வந்தவர்களில் இருந்து, 1985இல் ஈய விலை விழுந்து லம்பங்கள் மூடிய வரைக்கும், இந்த ஊரே தோண்டித் தோண்டி வளர்ந்தது. தித்திவங்சா ஏரியும் கிளானா ஜெயா ஏரிகளும் லம்பக் குட்டைகள். சுங்கை பீசியில் நின்ற பெரிய திறந்தவெளி லம்பத்தைச் சுற்றி இன்று பேரங்காடியும் ஹோட்டலும் நிற்கின்றன. பெஸ்தாரி ஜெயாவில், நம்மவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் இடத்தில், பழைய குட்டைகளின் தண்ணீரை சிலாங்கூர் ஆற்றுக்குப் பம்ப் செய்யும் ஹோராஸ் 600 திட்டத்தை மாநில அரசே போட்டது. நாளொன்றுக்கு 60 கோடி லிட்டர் வரைக்கும் தரக்கூடியது. பூச்சோங் பக்கம் ராசாவ் திட்டத்திலும் பழைய குட்டைகளைத் தேக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். இவற்றை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்த யோசனையைச் செயலாக்கியவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

ஆனால் அந்தக் குட்டைகளைத் தோண்டியவர்கள் ஈயத்துக்காகத் தோண்டினார்கள். தண்ணீருக்காக யாரும் வரையவில்லை. அதனால் என்னென்ன வந்து சேர்ந்தது என்று பாருங்கள். கரை செங்குத்தாக இறங்குகிறது. அடியில் எவ்வளவு சேறு என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு குட்டைக்கும் அடுத்ததற்கும் தொடர்பு இல்லை. ஈயத்தோடு சேர்ந்து ஆர்செனிக் போன்றவை மண்ணில் இருக்கும் என்பதால், 2014இல் குட்டைத் தண்ணீரைக் குடிநீருக்கு எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் வீட்டுக்கு வீடு பயம். அந்தப் பயம் நியாயமானது. தோண்டும்போதே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்து எழுதி வைத்திருந்தால் அந்தப் பயத்துக்கு அன்றைக்கே ஒரு தாளைக் காட்டிப் பதில் சொல்லியிருக்கலாம். இன்னொரு பக்கம், நல்ல குட்டைகள் பல நில உரிமை மாறி, மண் கொட்டி மேடாக்கப்பட்டு, மேலே வீடு வந்துவிட்டது. வெட்டிய பள்ளத்தை மறுபடி நிரப்பிவிட்டு, ஊர் வெள்ளத்தில் மிதக்கிறது என்று வேறு இடத்தில் பள்ளம் வெட்டுகிறோம்.

சரி, திட்டமிட்டுத் தோண்டுவது என்றால் என்ன? எனக்குத் தெரிந்த வேலை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மேல்மண். குவாரி திறக்கும்போது மேலே இருக்கும் செம்மண்ணை வழித்து ஓரமாகக் குவிப்பார்கள். வழக்கமாக அது கண்ட இடத்தில் குவிந்து, மழையில் கரைந்து, ஓடையை அடைக்கும். கடைசிக் கரை எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த மண்ணை அங்கேயே கொண்டுபோய்ப் போடலாம். ஒரே மண்ணை இரண்டு முறை தூக்க வேண்டாம். குவாரி முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும்: டீசலுக்கு ஒரு முறைதான் செலவு.

அடுத்தது தோண்டும் வரிசை. ஆற்றோரச் சரளைக் களத்தில் முழு இடத்தையும் ஒரே நேரத்தில் கிளறிப்போட வேண்டியதில்லை. களத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒரு பாகம் முடிந்தால் அதைக் கரை கட்டித் தண்ணீர் தேக்கிவிட்டு, அடுத்த பாகத்துக்குப் போகலாம். கல் கழுவும் இடத்தில் இருந்து வரும் மெல்லிய களிச்சேறு இருக்கிறதே, எல்லோருக்கும் தொல்லையான அந்தச் சேறு, முடிந்த பாகத்தின் அடியிலும் ஓரத்திலும் படியவைத்தால் கசிவை அடைக்கும். கடைசிப் பாகம் தோண்டும்போது முதல் பாகம் ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கும். இருபது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் கரை. இதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது. குவாரியில் கடைசி டன் கல்லையும் விடக்கூடாது என்று சுவரைச் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் நிறைந்ததும் மேலே பார்க்க அமைதியான பச்சைக் குளம். ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடி பத்து ஆள் ஆழம். பிடித்து ஏற ஒரு விளிம்பு கிடையாது. பள்ளி விடுமுறை வந்தால் குட்டையில் பிள்ளை முழுகிய செய்தி வராத வருஷம் உண்டா? துருப்பிடித்த அபாயப் பலகை பிள்ளைகளைத் தடுக்காது. சாய்வான கரை காப்பாற்றும். மூன்று அடி நீளத்துக்கு ஓர் அடி இறக்கம் என்ற சாய்வும், விளிம்பில் இருந்து சில மீட்டர் தூரத்துக்கு இடுப்பளவு ஆழமுள்ள ஒரு படியும் போதும். முழுகுபவன் காலூன்றி எழுந்துவிடுவான். அந்தப் படியில் கோரையும் நாணலும் வளரும், கரை அரிக்காது, மீன் குஞ்சு பொரிக்கும். தோண்டும்போதே விட்டுவிட்டால் அந்தப் படிக்குப் பெரிய செலவு இல்லை. நிறைந்த குழியில் பின்னால் வந்து அதைக் கட்டுவது கிணற்றை மூடிவிட்டு ஊற்றைத் தேடுவது போல.

ஆற்றுக்கும் குழிக்கும் நடுவில் தோண்டாமல் விடும் நிலம் இன்னொன்று. ஆசைப்பட்டு அதை ஒல்லியாக்கினால், ஒரு பெருவெள்ளத்தில் ஆறு கரையை உடைத்துக் குழிக்குள் பாயும். அப்படிப் பாய்ந்தால் ஆற்றின் படுகையே மேல்நோக்கி அரித்துக்கொண்டு போகும், பாலத்தின் கால்கள் வெளியே தெரியும். அகலமான கரையும், நிறைந்தால் வழிய ஒரு கலிங்கும், எடுக்கவும் விடவும் மதகும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

தண்ணீர் எடுக்கும் குழாயை ஒரே உயரத்தில் வைத்தால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வெயிலில் ஆழமான குளத்தின் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் குளிர்ந்தும் தனித்தனி அடுக்காக நின்றுவிடும். அடியில் உயிர்வளி தீர்ந்துபோய், இரும்பும் மாங்கனீசும் கரைந்து, அழுகிய முட்டை வாடை வரும். மேலே பாசி பூக்கும். நடுவில் இருப்பதுதான் பெரும்பாலும் நல்ல தண்ணீர். ஆகவே பல உயரங்களில் திறக்கக்கூடிய கோபுரம் வேண்டும், காற்று ஊதும் ஏற்பாடும் வேண்டும். கோபுரத்தைக் காய்ந்த குழியில் கட்டுவதற்கும் நிறைந்த குளத்தில் கட்டுவதற்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் பொறியாளர்களைக் கேளுங்கள்.

எல்லாக் குழியும் நீர்த்தேக்கமாகாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கருங்கல் பெரும்பாலும் தண்ணீரைப் பிடிக்கும், வெடி வைத்த சுவரில் மட்டும் விரிசல் பார்த்து அடைக்க வேண்டும். ஆற்றோரச் சரளை சல்லடை மாதிரி ஒழுகும், அதற்குக் களிமண் சுவரோ சேற்றுப் பூச்சோ வேண்டும். சுண்ணாம்புப் பாறையை மட்டும் தொடாதீர்கள். கோலாலம்பூருக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை குகையும் ஓட்டையுமாகக் கிடக்கிறது. கட்டட வேலையில் திடீரென்று நிலம் உள்வாங்குவதை இந்த ஊர் பல முறை பார்த்துவிட்டது. அங்கே தண்ணீரைத் தேக்கினால் எந்த வழியாக எங்கே போகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மலையின் மேல் படிப்படியாக வெட்டும் குவாரியும் தேக்கத்துக்கு ஆகாது, அதை மரம் நட்டு மூடுவதுதான் சரி. அதனால்தான் அனுமதிக்கு முன்பே துளை போட்டு, மண் மாதிரி எடுத்து, எது ஆகும் எது ஆகாது என்று பிரிக்கச் சொல்கிறேன்.

தொலைவு போக வேண்டாம். சிங்கப்பூரின் பெடோக் நீர்த்தேக்கம் மணல் எடுத்த குழிதான். 1986இல் திட்டம் முடிந்தது. 88 ஹெக்டர் பரப்பு, 1 கோடியே 28 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு. சுற்றியிருக்கும் குடியிருப்புகளின் கால்வாய்களில் ஓடும் மழைநீரைச் சேகரிப்பு நிலையங்களில் பிடித்து அங்கே அனுப்புகிறார்கள். வீடு கட்டுபவரும் தண்ணீர் இலாகாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைந்ததால் வந்த பலன் அது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு வடக்கே சௌத் பிளாட் ஆற்றங்கரை நெடுகச் சரளை எடுத்த குழிகள் இன்று நீர்த்தேக்கங்கள். சரளைக்கு அடியில் இருக்கும் இறுகிய பாறை வரைக்கும் குறுகலாக அகழி வெட்டி, பெண்டோனைட் களிமண் கலவையை இறக்கிச் சுற்றிலும் ஒரு சுவரை எழுப்பிவிடுகிறார்கள். வெளியே இருக்கும் நிலத்தடி நீர் உள்ளே வராது, உள்ளே தேக்கியது வெளியே போகாது. அது வறண்ட பூமி. அங்கே சுவர் போடாத குழியில் ஆவியாகும் தண்ணீருக்குக்கூடக் கணக்குச் சொல்லி ஆற்றுக்குத் திருப்பித்தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கோலாலம்பூரில் வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டுகிறது, ஆவியாவதைவிட விழுவது அதிகம்.

சென்னையை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். 2017 வறட்சியில் ஏரிகள் காய்ந்தபோது, மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிட்ட கல் குவாரிகளில் நின்ற தண்ணீரைப் பரிசோதித்து, சுத்தம் செய்து, நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் நகருக்குக் கொண்டுபோனார்கள். 2019இலும் அங்கேதான் போய் நின்றார்கள். அந்தக் குவாரிகள் இருந்ததால் ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டது. ஆனால் குழாயையும் பம்பையும் தாகம் வந்த பிறகு அவசர அவசரமாகப் போட வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயத்தைக் கலந்துவிடாதீர்கள். வெள்ளத்துக்கும் இதுவே, குடிநீருக்கும் இதுவே என்று ஒரே குழியைக் காட்டி இரண்டு வாக்குறுதி கொடுக்க வேண்டாம். வெள்ளம் பிடிக்கும் குளம் மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும். குடிநீர்க் குளம் நிறைந்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களிடம், "குளம் இருக்கிறது, ஆனால் நிறைந்திருக்கிறது" என்று சொல்ல முடியுமா? பாகம் பாகமாகத் தோண்டினால் ஒரு பாகத்தை வெள்ளத்துக்கென்று காலியாகவும் மற்றதைக் குடிநீருக்கென்று நிறைத்தும் வைக்கலாம். எது எதற்கு என்று காகிதத்தில் எழுதி, அதை மாற்ற முடியாதபடி செய்ய வேண்டும். வெள்ளச் சேற்றுத்தண்ணீரையும் குப்பையையும் குடிநீர்ப் பாகத்தில் விடவே கூடாது.

இப்போது உங்கள் இலாகாக்களைப் பற்றி. தேசிய நிலச் சட்டம் 1965இன்படி கல்லும் மணலும் மாநிலத்தின் சொத்து, அனுமதி நில அலுவலகத்தில் இருந்து வருகிறது. ஆறும் நீர்நிலையும் 1999ஆம் ஆண்டின் லுவாஸ் சட்டத்தின் கீழ் வருகின்றன. கல்லுக்குக் கையெழுத்துப் போடும் மேசையும் தண்ணீரைக் காக்கும் மேசையும் வேறு வேறு. கல் அனுமதி கொடுக்கும் நாளில் தண்ணீர் மேசை கேட்கப்படுவது "ஆறு கெடுமா?" என்றுதான். "இந்தக் குழி எங்களுக்கு வேண்டும், இப்படித் தோண்டிக்கொடுங்கள்" என்று அந்த மேசை சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த ஒரு வரியை அனுமதி நிபந்தனையில் சேர்க்க உங்களால் முடியும்.

அதோடு பணம். மூடும் வேலைக்கான தொகையை முன்கூட்டியே வைப்புத்தொகையாக வாங்கி, ஒவ்வொரு பாகமும் வரைபடப்படி முடிந்ததை அளந்து பார்த்து அதற்குரிய பங்கைத் திருப்பிக் கொடுங்கள். கடைசியில் மொத்தமாகக் கேட்டால் நிறுவனமே இருக்காது. நான் வேலை பார்த்த இடத்தில் நிர்வாகம் கைமாறிய பிறகு, முன்னவர் ஒத்துக்கொண்ட மரம் நடும் வேலையைப் பற்றிக் கேட்க ஆள் இல்லாமல் போனது. மேலும், குழி இருக்கும் நிலத்தை நீர்நிலை ஒதுக்கீடாக அரசிதழில் முதலிலேயே போட்டுவிட வேண்டும். கல் தீரும் வேளையில் சுற்றிலும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகள் வந்திருக்கும், நில விலை ஏறியிருக்கும். அன்றைக்கு அந்தக் குளத்தை விற்காமல் காப்பாற்றும் மனஉறுதி யாருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கையில் அரசிதழ் இருந்தால் மனஉறுதியை நம்பி இருக்க வேண்டாம்.

இந்த மடலை யாரும் புதுக் குவாரிக்குச் சாக்காகக் காட்டக்கூடாது. "குளம் தருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு நீர்ப்பிடிப்புக் காட்டை வெட்ட வந்தால், முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன். காடே ஒரு நீர்த்தேக்கம், அதை அழித்துக் கட்டும் எந்தக் குளமும் நட்டம்தான். ஆற்றின் படுகையிலேயே இறங்கி மணல் வாருவதும் அப்படித்தான். படுகை தாழ்ந்தால் ஆற்று நீர்மட்டம் இறங்கி, சுத்திகரிப்பு நிலையத்தின் வாய் வறண்டு நிற்கும். கடலோரத்தில் உப்பு ஏறும். ஊருக்குக் கல்லும் மணலும் வேண்டும், நான் அதை வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன், அதை மறுக்கவில்லை. ஆற்றுக்குள் இருந்து எடுப்பதைக் குறைத்து, கரையில் இருந்து தள்ளி, ஏற்கனவே கலைந்துபோன நிலத்தில், இப்போதே நடந்துகொண்டிருக்கும் களங்களில் இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நிறுவனத்தாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மூடிய குவாரியை வேலி போட்டுக் காவல் வைத்து வருஷக்கணக்கில் வைத்திருப்பது உங்களுக்கும் செலவுதான், யாராவது விழுந்தால் பொறுப்பும் உங்கள் தலையில்தான். முதல் நாளே வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும் குழியாகத் தோண்டினால், வேலை முடிந்த அன்றே நீர் வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். அடுத்த இடத்துக்கு அனுமதி கேட்கும்போது காட்டிக்கொள்ள அதைவிட நல்ல சான்று வேறு எது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. அடுத்து புதுப்பிக்க வரும் அனுமதிகளில் இருந்து ஆரம்பியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் களத்தில் இன்னும் தோண்டாத பாகத்துக்காவது வரைபடம் கேளுங்கள். சிலாங்கூர் ஆறு, லங்காட் ஆறு, செமினி ஆறு ஆகியவற்றின் சுத்திகரிப்பு நிலையங்களைச் சுற்றி எந்தெந்தக் களம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தி, மண், தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளோடு பொதுமக்கள் பார்க்க வெளியிடுங்கள். ஒவ்வொரு குழியின் கடைசி வரைபடத்தையும் மாவட்ட நில அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் ஒட்டி, பக்கத்துத் தாமான் மக்கள் வந்து பார்த்துக் கருத்துச் சொல்ல ஒரு மாதமாவது கொடுங்கள்.

அந்த வரைபடம் போடும் மேசைக்குப் பொறியாளர்களோடு குழிக்குள் வேலை பார்த்தவர்களையும் கூப்பிடுங்கள். எந்தப் பக்கப் பாறையில் இருந்து கசிவு வருகிறது, எந்த மூலை மழைக்குச் சரியும், எத்தனை நாளில் சேறு அடங்குகிறது என்பது பம்ப்காரருக்கும் வெடி வைப்பவருக்கும் எக்ஸ்கவேட்டர் ஓட்டுநருக்கும் தெரியும். இந்த வேலையில் இருந்தவர்களில் நம் தமிழர்கள் நிறையப் பேர், பலர் இப்போது ஓய்வில் வீட்டில்தான் இருக்கிறார்கள். எந்த நாள், எந்த அலுவலகம் என்று சொன்னால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் குவாரி ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்